தோட்டப்புறப் பட்டணத்தில் பழைய சாமான் தேடுவது: ஒரு வார இறுதிக்கான முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை விடிவதற்குள் கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங்கைத் தாண்டிவிடுங்கள். எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு நிதானமாகக் கிளம்பினால், வழியில் உள்ள காலைச் சந்தைகளில் நல்ல சாமான் எல்லாம் கைமாறிய பிறகுதான் போய் நிற்பீர்கள். பழைய சாமான் வியாபாரிகள் இருட்டிலேயே டார்ச் லைட் அடித்துப் பார்த்து வாங்கிப் போய்விடுவார்கள்.

நான் கோலாலம்பூரிலிருந்து பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வரைக்கும் பழைய கூட்டரசுச் சாலையிலேயே போய்வருகிறவன். சுமார் 230 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். பழைய சாலையில் நின்று நின்று போக ஒரு முழுப் பகல் பிடிக்கும். அந்தப் பகல்தான் பயணத்தின் பாதி. சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன் என்றாலும், லுனாஸ், பீடோர், லாபிஸ் என்று எந்தத் தோட்டப்புறப் பட்டணத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சாமான் எப்படி வெளியே வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, தூரப் பயணம் போகிறவர்கள் பழைய சாலையைக் கைவிட்டார்கள். அதனால் அந்தச் சாலையோரப் பட்டணங்களில் பல கடைவீடுகள் மாறாமல் அப்படியே நின்றுவிட்டன. பின்கட்டில் முப்பது வருடத்துச் சரக்கு தூசியோடு கிடக்கும் கடைகள் இன்றும் உண்டு.

இதைவிடப் பெரிய காரணம் தோட்டங்களில் நடந்தது. கித்தா (ரப்பர்) மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. நிலம் கைமாறியது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் உடைபட்டன. மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். நான்காவது மாடி வீட்டில் கல்யாண அண்டாவை எங்கே வைப்பது? அம்மியை யார் தூக்குவது? அப்படித்தான் அந்தப் பொருள்கள் வெளியே வந்தன, இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

அவை போகும் வழி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரி முதலில் எடுத்துப்போகும். அங்கிருந்து பழைய இரும்புக் கடை. அங்கே உருக்கப் போகாமல் தப்பியவை ஊர்ப் பழைய சாமான் கடைக்கு வரும். கடைசியாகப் பினாங்கு லோரோங் கூலிட் சந்தைக்கோ, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் சந்தைக்கோ போய்ச் சேரும். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். யாருடையது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற விவரம் மட்டும் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். நாம் தோட்டப்புறம் வரைக்கும் போவது முதல் கையிலோ இரண்டாம் கையிலோ வாங்குவதற்காக. விலை குறைவு என்பது ஒரு லாபம். விவரம் கிடைக்கும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய லாபம்.

சுங்கை சிப்புட்டை நான் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதிலிருந்துதான் கம்யூனிஸ்டு கிளர்ச்சியை அடக்க வந்த எமர்ஜென்சி காலம் தொடங்கியது. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நம் மக்களைத் தெருவில் நிறுத்தியபோது, தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய கித்தாப் பால்வாளியைக் கையில் எடுத்தால், அதைப் பற்றிச் சொல்ல யாராவது ஓர் ஆள் இன்னும் இருப்பார்.

நாள் பார்த்துப் போங்கள்

வருடத்தில் மூன்று காலம் நல்லது. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்கள், பொங்கலுக்கு முந்திய போகி வாரம், சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்கள். வீடு கழுவிச் சாயம் அடிக்கும்போதுதான் பரண்மேல் இருந்தவை கீழே இறங்கும். போகி சமயத்தில் நெருப்புக்குப் போகவிருந்த ஒரு கட்டுத் தமிழ்ப் பத்திரிகையை நான் வாசலிலேயே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டும். அந்த மாதங்களில் இரண்டு மணிக்குள் வெளித் தேடலை முடித்துக்கொள்ளுங்கள். கெடா பக்கம் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள்.

காடியில் (காரில்) ஏற்றவேண்டியவை

ஒரு காந்தம், டார்ச் லைட், அளவு நாடா, கொக்கி மாட்டித் தூக்கி நிறுக்கும் சின்னத் தராசு. இந்த நான்கும் கட்டாயம். இவற்றோடு தடித்த கையுறை, நான்கைந்து பழைய கைலி, ஒரு கட்டுப் பேப்பர், ராஃபியா கயிறு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. துருப்பிடித்த விளிம்பு கையைக் கிழித்தால் கிளினிக் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் கையுறையை அலட்சியப்படுத்தாதீர்கள்.

பணம் சில்லறையாக இருக்கட்டும். ஒரு வெள்ளி (ரிங்கிட்), ஐந்து, பத்து நோட்டுகள். கடைகளில் கைப்பேசியில் கியூ ஆர் காட்டுவார்கள், சரி. வீட்டு வாசலில் ஒரு பாட்டியிடம் நூறு வெள்ளி நோட்டை நீட்டிவிட்டு மிச்சம் கேட்டு நிற்பது நன்றாக இருக்காது.

பின் இருக்கையை மடித்துப் போட்டால் மைவி போன்ற சின்னக் காடியிலேயே ஒரு தையல் மெஷின் மேசை அடங்கும். ஆளைக் குறைத்துக்கொண்டு போங்கள். இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் நன்றாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சாலை

ரவாங், செரண்டா, பத்தாங் காலி, கெர்லிங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங், ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட். வரிசை இதுதான். எல்லா ஊரிலும் இறங்கினால் போய்ச் சேர மாட்டீர்கள். நான் தஞ்சோங் மாலிமில் பசியாறிவிட்டு, பீடோரிலும் தாப்பாவிலும் இறங்கித் தேடிவிட்டு, மாலையில் சுங்கை சிப்புட் சேர்ந்துவிடுவேன். தங்குவதற்கு ஈப்போவில் மலிவான விடுதிகள் உண்டு, அரை மணி நேரம் பின்னால் வந்தால் போதும்.

கூட்டரசுச் சாலையில் பொதுவாக வேகம் 90க்கு மேல் போகக்கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், குலை உருண்டு விழும். தோட்டத்து மாடுகள் சாலை நடுவிலேயே படுத்திருக்கும். தோட்டத்து உள்சாலை தோட்டத்துக்குச் சொந்தமானது. காவல் குடிலில் நிறுத்தி, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லி, அனுமதி கொடுத்தால் உள்ளே போங்கள். இல்லை என்றால் திரும்பிவிடுங்கள்.

பட்டணத்தில் எங்கே தேடுவது

முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். வாங்குவதற்காக இல்லை, விலை தெரிந்துகொள்வதற்காக. பித்தளை கிலோ இன்று என்ன விலைக்கு எடுக்கிறார்கள், செம்பு என்ன விலை, அலுமினியம் என்ன விலை என்று கடை முதலாளியான தவுக்கேயிடம் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அது வாரத்துக்கு வாரம் மாறும். அன்றைய விலை தெரியாமல் ஒரு குடத்துக்கு விலை பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுவது மாதிரி. பிறகு குவியலைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். குவியலின் அடியில் கை விடாதீர்கள், சரியும்.

அடுத்தது காலைச் சந்தையின் ஓரம். காய்கறி, மீன் எல்லாம் தாண்டி, கடைசியில் தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் நமக்கு வேலை. பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. நல்ல ஜப்பான் சட்டை ஐந்து பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், ஆனால் அதற்காக 230 கிலோமீட்டர் வர வேண்டியதில்லை.

நான் அதிகம் நம்புவது பழைய தொழில் செய்கிறவர்களின் கடைகளை. சைக்கிள் பழுதுபார்ப்பவர், தையல்காரர், படம் சட்டம் போடுகிறவர், கடிகாரக்காரர். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியும். ஊரிலேயே கடைசித் தையல் மெஷின் மெக்கானிக் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ஒரு நாள் முழுக்க அலைந்தாலும் கிடைக்காத மூன்று முகவரி கிடைக்கும்.

பேச்சு எங்கே தொடங்க வேண்டும்

ஒட்டுக்கடையில் ஒரு தே தாரேக் (ஆற்றிய தேநீர்) சொல்லிவிட்டு உட்காருங்கள். "அண்ணே, பித்தளைச் சாமான் யாராச்சும் விக்கிறாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், உங்களை வியாபாரி என்று முடிவு செய்துவிடுவார்கள். அதோடு பேச்சு நின்றுபோகும். நம் ஊரில் பேச்சு தொடங்குவது ஒரே ஒரு கேள்வியில்தான்: "நீங்க எந்தத் தோட்டம்?" அவர் சொல்வார். நீங்களும் உங்கள் அப்பா, தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சொந்தமோ, ஒரு கங்காணி பெயரோ, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ நடுவில் வந்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே வேண்டாம். "எங்க அக்கா வீட்ல ஒரு மெஷின் கெடக்கு, பாக்கிறியா தம்பி?" என்று அவரே கேட்பார்.

விலை விஷயத்தில் எனக்கு ஒரு கட்டாய விதி உண்டு. கடையில் பேரம் பேசலாம், வீட்டு வாசலில் பேசக்கூடாது.

கடைக்காரர் பேரத்தை எதிர்பார்த்துத்தான் விலை சொல்கிறார். "போலே கூராங், தவுக்கே?" (குறைக்க முடியுமா, முதலாளி?) என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து வைத்து மொத்த விலை கேளுங்கள், நிச்சயம் குறையும். குறை சொல்லி விலையைக் குறைக்காதீர்கள். இருக்கும் குறையைக் காட்டி, அதைச் சரிசெய்ய எனக்கு இவ்வளவு ஆகும் என்று சொல்லலாம், அது நியாயம்.

வீட்டு வாசல் வேறு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி பித்தளைக் குடம் ஒன்றை எடுத்து வந்து முப்பது வெள்ளி கேட்டார். சந்தைப் பழக்கத்தில் நான் இருபது என்றேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குடத்தைப் பைப்படிக்குக் கொண்டுபோய் அலசி, முந்தானையால் துடைத்துக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து துலக்கியபோதுதான் கழுத்தருகே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது. அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், 1961. சீர் வரிசையில் வந்த குடம். இரண்டு மாதம் கழித்து ஐம்பது வெள்ளியோடு போனேன். வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்கு ஜொகூர் போய்விட்டார் என்றார்கள் பக்கத்து வீட்டில். அன்றிலிருந்து நான் வாசலில் விலை குறைத்துக் கேட்டதில்லை.

செய்யவேண்டியது எளிது. அவர்கள் கண்முன்னே தராசில் நிறுத்துக் காட்டுங்கள். இரும்புக் கடையில் கேட்டு வைத்த விலையைச் சொல்லுங்கள். "லோரிக்காரர் எடுத்தா இவ்வளவுதான் குடுப்பாரு, நான் இதப்போல ரெண்டு மடங்கு தரேன், சரியா ஆயா?" என்று கேளுங்கள். அவர்கள் அதற்குமேல் கேட்டால், முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். இரண்டு மடங்கு கொடுத்தாலும் நகரச் சந்தை விலையைவிட உங்களுக்கு மலிவாகத்தான் இருக்கும். விற்க மனசில்லாமல் தயங்குகிறார்கள் என்றால் வற்புறுத்தவே கூடாது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேளுங்கள்.

கையில் எடுத்துப் பார்ப்பது

பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். குத்துவிளக்கில் இதைத் தண்டு, தட்டு, அடிப்பாகம் என்று தனித்தனியாக வைத்துப் பாருங்கள், ஏனென்றால் அடிப்பாகம் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். திருகு மரைகள் சரியாகப் பிடிக்கின்றனவா என்று கழற்றி மாட்டிப் பாருங்கள். குடத்தையும் அண்டாவையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி உள்ளே பாருங்கள், ஊசித் துளை இருந்தால் ஒளி தெரியும். கழுத்து ஒட்டிய இடத்தில் வேறு நிறத்தில் பற்றவைப்பு இருந்தால் ஒழுகியதை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்தது விளிம்பைத் தடவிப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரருக்குப் பெயர் வெட்டிய பாத்திரம் விலை குறைந்தது. எனக்கு அதுதான் முதல் தரம். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்போ ரசமோ வைக்காதீர்கள். சமைப்பதாக இருந்தால் புதிதாக வெள்ளீயம் பூச வேண்டும்.

இனாமல் மங்கும் (கிண்ணமும்) அடுக்குத் தூக்கும் பார்க்க அழகாக இருக்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் இரும்பு துருவாகும். பழைய வண்ணப் பூச்சுகளில் காரீயமும் காட்மியமும் இருக்கக்கூடும் என்பதால், இவற்றை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சேவல் படம் போட்ட மங்குக்கும் இதே எச்சரிக்கை. சோறு போட்டுச் சாப்பிட வேண்டாம்.

தையல் மெஷின். தோட்டத்து வீடுகளில் தவணைக்கு வாங்கிய சிங்கர்தான் அதிகம் கிடைக்கும். மாடல் எண்ணுக்குப் பின்னால் 'கே' எழுத்து இருந்தால், அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் கில்போவி ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. வாங்கும்போது சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். இறுகியிருந்தாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான். மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டால் இளகிவிடும். நீங்கள் பயப்படவேண்டியது இல்லாமல் போன பாகங்களுக்கு. ஊசித் தகட்டின் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான பாபின் போடும் மாடல் என்றால் பாபினும் உறையும் இன்றும் கடையில் கிடைக்கும். படகு போல நீளமான ஷட்டில் போடும் பழைய மாடல் என்றால், அந்த ஷட்டில் உள்ளே இருந்தால் மட்டும் வாங்குங்கள். மிதிபலகையின் தோல் வார் அறுந்திருப்பது ஒரு குறையே அல்ல. மேசை இழுப்பறைகளையும் திறந்து பாருங்கள். உதிரிப் பாகங்கள் அங்கேதான் இருக்கும், சில சமயம் அந்த வீட்டு அம்மா எழுதி வைத்த அளவுக் குறிப்புகளும் இருக்கும். குறிப்புகளை முதலில் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

ராலே சைக்கிள் தேடுகிறவர்கள் பின் சக்கரத்தின் நடுக்குடத்தை (ஹப்) துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று கியர் ஸ்டர்மி ஆர்ச்சர் குடமாக இருந்தால், மேலே பொறித்திருக்கும் எண்ணில் செய்த வருடம் இருக்கும். 62 என்றிருந்தால் 1962. குடத்தை மாற்றிப் போட்டிருக்கலாம், எனவே அதை வைத்து மட்டும் சைக்கிளின் வயதை முடிவு செய்யாதீர்கள். கம்பி பிரேக் முழுசாக இருக்கிறதா, சட்டத்தின் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். மோட்டார் சைக்கிள் கிடைத்தால் முதல் கேள்வி கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம். கிராண்ட் இல்லை, உரிமையாளர் யாரென்று தெரியவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கம்பில் குண்டை நகர்த்தி நிறுக்கும் தாச்சிங் தராசு இன்னும் கிடைக்கிறது. அதன் பழைய அளவில் ஒரு காத்தி 604.8 கிராம், பதினாறு தாயில் சேர்ந்தது ஒரு காத்தி, நூறு காத்தி ஒரு பிக்குல். மெட்ரிக் முறைக்கு மாறுவதற்கான எடை அளவுச் சட்டம் 1972இல் வந்தது. கம்பு நேராக இருக்கிறதா, புள்ளிகள் தெரிகின்றனவா, குண்டு அதே தராசின் குண்டுதானா என்று பாருங்கள். குண்டு மாறியிருந்தால் ஒரு கிலோ பொருளை வைத்தாலே தெரிந்துவிடும். பொன் நிறுக்கும் குட்டித் தராசுகளில் சில தந்தக் கம்பு கொண்டவை. தந்தம் என்று சந்தேகம் வந்தால் தொடாதீர்கள், சட்டப் பிரச்சினை.

கித்தாப் பால்வெட்டுச் சாமான்களை என்னால் சீக்கிரம் கடந்துபோக முடியாது. மரம் சீவும் ஜெபோங் கத்தி, பால் மங்கு, வாளி, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, தலையில் மாட்டும் கார்பைடு விளக்கு. இவற்றைப் பழமைப் பொருளாக யாரும் பத்திரப்படுத்தியதில்லை, தேயத் தேய உழைத்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். அதனால் கத்தியில் துருவோ, கைப்பிடியில் விரிசலோ இருந்தால் குறையாக எண்ணாதீர்கள். கைப்பிடி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அது ஒருவருடைய பல வருடக் கைத்தடம். சிறுதோட்டக்காரர்கள் உறைந்த பாலை உருட்டி ஷீட் போடப் பயன்படுத்திய கை உருளைகள் ஜோடியாக இருக்கும், ஒன்று வழவழப்பு, ஒன்று வரி போட்டது. வார்ப்பு இரும்பு. இரண்டு பேர் தூக்கினாலும் அசையாது, காடியில் ஏற்ற நினைக்காதீர்கள். லோரி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

அம்மி வாங்குகிறவர்கள் மேல்புறத்தைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் கொத்திவிட வேண்டும், கொத்தத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். மரச் சாமானில், கால்களின் அடியில் மாவு போலப் புதுத் தூள் உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. சாய்வு நாற்காலியின் பிரம்பு இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருக்கும், டார்ச் அடித்துப் பார்க்காமல் காடியில் ஏற்றாதீர்கள். மெத்தை வேண்டவே வேண்டாம்.

பழைய ரேடியோவை அங்கேயே மின்சாரத்தில் செருகி 'பாடுதா' என்று பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வருடக்கணக்கில் கிடந்த வால்வு ரேடியோவின் உள்ளே கெபாசிட்டர்கள் கெட்டிருக்கும். மின்சாரம் ஏறினால் புகைந்துவிடும். ஓடாத ரேடியோவுக்கான விலையைக் கொடுத்து வாங்கி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தமிழ்ப் புத்தகமும் பத்திரிகையும் கிடைத்தால் பேரமே பேசாதீர்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அதன் பழைய தீபாவளி மலர் ஒன்று கிலோ கணக்கில் எடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கும். பள்ளி ஆண்டுமலர், கோயில் திருவிழா நோட்டீஸ், நாடக அழைப்பிதழ், சங்கக் கூட்டத் துண்டறிக்கை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஈரம் பட்டதைத் தனிப் பையில் போடுங்கள்.

தொடக்கூடாதவை

பழைய சாமான் வியாபாரத்துக்கு 1946ஆம் வருடச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். எனவே கடையில் வாங்கினால் ரசீது கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவு உங்கள்மேல் பாயும். செம்புக் கம்பிச் சுருள், சாக்கடை மூடி, சாலைப் பலகை, தண்டவாளத் துண்டு ஆகியவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

கோயில் சாமான் இன்னொன்று. தோட்டம் உடையும்போது கோயிலும் இடம் மாறும். அந்தக் குழப்பத்தில் மணியும், வேலும், தீபத்தட்டும், சில சமயம் சாமி சிலையும் வெளியே வந்துவிடும். அவை தனி ஆளின் சொத்து அல்ல, ஊரின் சொத்து. சந்தையில் கண்ணில் பட்டால் எந்தத் தோட்டத்துக் கோயிலுடையது என்று விசாரித்து, அந்த நிர்வாகத்தில் இருந்த யாருக்காவது தகவல் சொல்லுங்கள். நான் வாங்குவதில்லை.

ஞாயிறு மதியம், திரும்பும் வழி

சாமான் ஏற்றும்போது கனமானது கீழே, சக்கரத்துக்கு மேலாக வரும்படி வையுங்கள். அம்மிக்கும் குடத்துக்கும் நடுவில் கைலியைச் சுருட்டித் திணியுங்கள். தையல் மெஷின் தலையை மேசையிலிருந்து கழற்றித் தனியாகப் படுக்கவைத்தால் பாதுகாப்பு. பிரேக் பிடித்தால் எதுவும் முன்னால் பாயாதபடி கயிறு கட்டுங்கள்.

நேரம் இருந்தால் வடக்கே இன்னும் இருபது கிலோமீட்டர் போய்க் கோலகங்சாரில் ஒரு பழைய கித்தா மரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1877இல் நட்ட ஒன்பது மரங்களில் மிஞ்சிய ஒன்று அது, மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டு நிற்கிறது. சாமான்களையெல்லாம் காடியில் வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் பத்து நிமிடம் நிற்பது என் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் மரச் சாமானையும் துணியையும் நேராக உள்ளே கொண்டுபோகாமல் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் துலக்கி, உடனே துடைத்துக் காயவையுங்கள். பெயர் வெட்டிய இடத்தைக் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

அன்று இரவே, தூங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, எந்தத் தோட்டம், அவர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன தேதி. இரண்டு நாள் விட்டால் தோட்டத்தின் பெயரே மறந்துபோகும், இது என் அனுபவம். சீட்டைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குடத்துக்குள்ளோ இழுப்பறைக்குள்ளோ வைத்துவிடுங்கள். அடுத்த முறை குடத்தைத் துலக்க எடுக்கும்போது, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அதை வெளியே எடுத்து வைக்க மறக்காதீர்கள்.